காஃபின் வீட்டில் நான் அதிக நேரம் நின்றது கிணற்றடியில்

ஆற்றங்கரைக்காரி எழுதியது:

சென்ற மாதம் இண்டியானா மாநிலத்தில் ஃபவுண்டன் சிட்டி என்ற சிற்றூருக்குப் போய் வந்தேன். ரிச்மண்டுக்கு வடக்கே, சுற்றிலும் சோளக்காடு. ஒரே ஒரு பெரிய தெரு, அதுதான் ஊர். அந்தத் தெருவோரமாகவே நிற்கிறது லீவை காஃபின், கேத்தரின் காஃபின் தம்பதியின் வீடு. 1839இல் கட்டிய செங்கல் வீடு, எட்டு அறைகள். அன்றைக்கு ஊரின் பெயர் நியூபோர்ட்.

அடிமைத்தளையிலிருந்து தப்பி, கென்டக்கியிலிருந்து ஓஹாயோ ஆற்றைக் கடந்து, கனடாவை நோக்கிப் போனவர்களுக்கு இந்தத் தம்பதி அடைக்கலம் கொடுத்தார்கள். இப்படித் தப்புகிறவர்களுக்கு வழியும் மறைவிடமும் கொடுத்த இரகசிய ஏற்பாட்டுக்கு "அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு" என்று பெயர். 1826 முதல் 1847 வரை இந்த ஊரில் வாழ்ந்தார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 100 பேர், மொத்தம் 2,000 பேருக்கு மேல் என்பது காஃபின் சொன்ன கணக்கு. செங்கல் வீடு கட்டுவதற்கு முன்பிருந்தே இந்த வேலை நடந்துகொண்டிருந்தது. சின்சினாட்டி, மேடிசன், ஜெஃபர்சன்வில் ஆகிய மூன்று ஆற்றங்கரை ஊர்களிலிருந்து கிளம்பும் வழிகள் நியூபோர்ட்டில் வந்து கூடின.

வீட்டைப் பார்க்க வருகிற எல்லோரும் மாடிக்குத்தான் ஓடுகிறார்கள். அங்கே கூரைச் சரிவுக்கு அடியில் ஒரு குட்டிக் கதவு இருக்கிறது. கட்டிலை அதன் முன்னால் நகர்த்திவிட்டால் கதவு இருப்பதே தெரியாது. உள்ளே நீளமான, குறுகிய பொந்து. 14 பேர் வரை ஒடுங்கி உட்காரலாம் என்கிறார்கள். நானும் குனிந்து பார்த்தேன், படம் எடுத்தேன்.

ஆனால் என் கால் ஒட்டிக்கொண்டது நிலவறையில். வீட்டுக்குள்ளேயே ஓர் ஊற்றுக் கிணறு. நான் பார்த்தபோது உடனே புரியவில்லை, கிணறு எதற்கு நிலவறையில் என்று. விளக்கம் சொன்னபோது உடம்பு சிலிர்த்தது. முற்றத்துக் கிணற்றில் ஒரு நாளைக்கு எத்தனை வாளி இறைக்கிறார்கள் என்று அக்கம்பக்கம் பார்த்தால் வீட்டில் எத்தனை வாய் என்பது வெளியே போய்விடும். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். என் ஆச்சி வீட்டில் கூடுதலாக நாலு குடம் இறைத்தாலே, "யார் வந்திருக்கிறார்கள்?" என்று அடுத்த வீட்டிலிருந்து குரல் வரும். அந்தக் கேள்வி எழாமலிருக்க வீட்டின் வயிற்றுக்குள்ளேயே கிணறு.

அங்கேதான் எனக்குக் கேத்தரின் கண்ணில் பட்டாள். அதுவரை கேட்டதெல்லாம் லீவையைப் பற்றி. தப்பியவர்களைப் பிடிக்க வந்த வேட்டைக்காரர்கள் வெறுத்துப்போய், "இந்த ரெயில்ரோட்டுக்கு இவன்தான் பிரெசிடெண்ட்டாக இருக்க வேண்டும்" என்று சொன்ன கதை எல்லாப் பலகையிலும் இருக்கிறது. நடுச்சாமத்தில் கதவு மெல்லத் தட்டப்படும். லீவை எழுந்து இருட்டிலேயே கதவைத் திறந்து, வந்தவர்களை உள்ளே விட்டுத் தாழிடுவார். அதற்குள் கேத்தரினும் எழுந்து சமையலில் இறங்கிவிடுவாள். ஒரு தடவை ஒரே கூட்டமாக 17 பேர் வந்து நின்றார்கள். பசித்து, நனைந்து, சிலர் காலில் செருப்பில்லாமல்.

2,000 பேர் என்றால் எத்தனை வேளைச் சோறு, எத்தனை துவைத்த துணி, எத்தனை குடம் வெந்நீர்? பொந்து எப்போதாவது தேவைப்பட்டிருக்கும். அடுப்பு ஒவ்வொரு முறையும் தேவைப்பட்டது. இதைப் பற்றி யாருடனாவது பேச வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தென்னங்கீற்று எழுதியது:

படித்ததும் கண் கலங்கியது, அக்கா. பின்னால் சின்சினாட்டிக்கு ஏன் போனார்கள்? வேலை முடிந்துவிட்டதா?

ஆற்றங்கரைக்காரி எழுதியது:

இல்லை தம்பி. 1847இல் சின்சினாட்டியில் ஒரு மொத்த வியாபாரக் கடை நடத்தப் போனார்கள். அடிமை உழைப்பு படாத பருத்தித் துணி, சர்க்கரை போன்றவற்றை மட்டுமே விற்கும் கடை. அடைக்கலம் கொடுப்பது அங்கேயும் தொடர்ந்தது. இரண்டு ஊர்களிலும் சேர்த்தால் எண்ணிக்கை 3,000ஐத் தாண்டும் என்பார்கள்.

பழுப்பேடு எழுதியது:

இழைக்கு நன்றி. கிணறு பற்றிய பத்தியை இரண்டு முறை படித்தேன். ஆனாலும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். நீங்கள் லீவையிலிருந்து கேத்தரினுக்கு வந்துவிட்டீர்கள். இன்னும் ஒரு வாசல் தாண்டவில்லை. அது பக்கத்து வீட்டு வாசல்.

காஃபின் தம் நினைவுக்குறிப்பை 1876இல் வெளியிட்டார். அதில் அவரே ஒளிக்காமல் எழுதுகிறார்: நான் நியூபோர்ட்டுக்கு வந்தபோது, தப்பி வருகிறவர்கள் ஏற்கெனவே அந்த ஊர்க் கறுப்பின மக்களின் வீடுகளில்தான் தங்கினார்கள் என்று. அந்தக் குடும்பங்கள் வட கரோலினாவில் குவேக்கர்கள் (அடிமை முறையை எதிர்த்த ஒரு கிறிஸ்தவப் பிரிவினர், காஃபினும் அவர்களில் ஒருவர்) விடுவித்தவர்களின் வழி வந்தவை. மறைப்பதில் அவர்களுக்குப் போதிய தேர்ச்சி இல்லாததால் பலர் பிடிபட்டார்கள், அதைக் கேட்டுத்தான் நான் இறங்கினேன் என்கிறார். அதாவது இந்த வழியைத் திறந்தவர் அவரில்லை. திறந்திருந்த வழியில் அவர் வந்து சேர்ந்தார், பெரிதாக்கினார்.

யாருக்கு எவ்வளவு ஆபத்து என்றும் பாருங்கள். 1793ஆம் ஆண்டுச் சட்டப்படி தப்பியவருக்கு உதவினால் 500 டாலர் அபராதம். 1850இல் அது 1,000 டாலரும் ஆறு மாதச் சிறையும் ஆனது. வெள்ளைக்கார வியாபாரிக்கு அதுவே பெரிய இடிதான். ஆனால் கறுப்பினத்தவர் ஒருவர் பிடிபட்டால் போவது காசு மட்டுமா? அவரையே "இவனும் தப்பியவன்தான்" என்று இழுத்துக்கொண்டு போகலாம். 1850 சட்டத்தில் இந்த வழக்குகளை விசாரிக்கும் ஆணையருக்குக் கொடுக்கும் கட்டணத்தைக் கேளுங்கள்: ஆளை எஜமானனிடம் ஒப்படைத்தால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். இண்டியானாவில் வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொல்லக்கூட அவர்களுக்கு உரிமை இல்லை. 1851இல் திருத்தி எழுதிய மாநில அரசியலமைப்பு, கறுப்பினத்தவர் எவரும் புதிதாகக் குடியேறவே கூடாது என்றது.

அப்படிப்பட்ட மண்ணில் ஒரு ஏழைக் குடிசை கதவைத் திறந்தது. அந்தக் குடிசைகளில் ஒன்றுகூட அருங்காட்சியகமாக நிற்கவில்லை. செங்கல் நிற்கும், மரப்பலகை மக்கிவிடும்.

ஆற்றங்கரைக்காரி எழுதியது:

பழுப்பேடு ஐயா, சரியான இடத்தில் தொட்டீர்கள். ஏற்கிறேன். அந்த வீடுகளைப் பற்றி வழிகாட்டி சொன்னார். நான்தான் என் பதிவில் விட்டுவிட்டேன்.

அங்கே பக்கத்தில் 2016இல் திறந்த விளக்கக் கூடம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு ஜோடி மரக்காலணி. வில்லியம் புஷ் என்பவர் தப்பி வந்தபோது அணிந்திருந்தது. அவர் கனடாவுக்குப் போகவில்லை. நியூபோர்ட்டிலேயே தங்கிக் கொல்லு வேலை செய்தார், அந்த ஊர் மண்ணிலேயே அடக்கமானார். அந்தக் காலணியின் முன் நின்றபோது, மரத்தைக் காலில் கட்டிக்கொண்டு எத்தனை மைல் நடந்திருப்பார் என்றுதான் நினைக்கத் தோன்றியது. பெயரும் காலணியும் தங்கிய ஒருவர் இவர். மற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்கூட நம் கைக்கு வரவில்லை.

மூன்றாம்படி எழுதியது:

தையல் போர்வைகளில் குறியீடு வைத்து வழி சொல்வார்கள் என்று என் மகளின் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். திண்ணையில் ஒரு குறிப்பிட்ட வடிவப் போர்வை தொங்கினால் "இங்கே வரலாம்" என்று பொருளாம். காஃபின் வீட்டிலும் உண்டா?

பழுப்பேடு எழுதியது:

இல்லை. இந்தக் கதை 1990களின் இறுதியில் வந்த ஒரு புத்தகத்தால்தான் ஊரெல்லாம் பரவியது. வரலாற்று ஆய்வாளர்கள் பெரும்பாலோர் ஏற்பதில்லை. தப்பியவர்கள் சொல்லி எழுதிய அந்தக் காலப் பதிவுகளில் இதற்குச் சான்று கிடைக்கவில்லை. வீட்டுக்கு வீடு சுரங்கப்பாதை இருந்தது என்பதும் இதே வகை.

மகள் மனம் வாட வேண்டாம், வழிகாட்ட விளக்கு வைத்தது உண்மை. ஓஹாயோ மாநிலத்தில் ரிப்ளி என்ற ஆற்றங்கரை ஊர். மேலே செங்குத்தான குன்றின் உச்சியில் ஜான் ரேங்கின் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகரின் வீடு. 13 பிள்ளைகள். கீழே ஆறு, எதிரே கென்டக்கி. அந்தக் கரையிலிருந்து பார்த்தாலே தெரியும் உயரத்தில் விளக்கு. கரையிலிருந்து குன்றேறப் படிகள். 1841இல் வேட்டைக்காரர்கள் இரவில் வந்து அந்த வீட்டைத் தாக்கினார்கள். ரேங்கினின் மகன்கள் துப்பாக்கியோடு எதிர்த்து விரட்டினார்கள்.

அதே ரிப்ளியில் கீழே ஆற்றோரம் ஜான் பார்க்கரின் வீடு. இவரைப் பற்றித்தான் உங்கள் மகளிடம் முதலில் சொல்ல வேண்டும். எட்டு வயதில் தாயிடமிருந்து பிரித்து விற்கப்பட்டவர். சங்கிலியில் பிணைத்து அலபாமா வரை நடத்திக் கொண்டுபோனார்கள். 1845இல் 1,800 டாலர் கொடுத்துத் தம்மைத் தாமே விலைக்கு வாங்கினார். ரிப்ளிக்கு வந்து இரும்பு வார்ப்பாலை வைத்தார், புகையிலை அழுத்தும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பகலில் வார்ப்பாலை. இரவில் படகை எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து கென்டக்கிக்குள்ளேயே போய் ஆட்களைக் கூட்டி வந்தார். பிடிபட்டிருந்தால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். ரேங்கின் வீடு, பார்க்கர் வீடு இரண்டுமே 1997இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களாயின.

மூன்றாம்படி எழுதியது:

பார்க்கர் கதையை இன்று இரவே சொல்கிறேன். நன்றி ஐயா.

கொங்குப் பருத்தி எழுதியது:

அடிமை உழைப்பு படாத பருத்தி என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கதையின் ஒரு நூல் எங்கள் கோயம்புத்தூர் வரை ஓடுகிறது.

இங்கிலாந்தின் ஆலைகள் அமெரிக்க அடிமைப் பருத்தியை நம்பி ஓடின. அடிமை ஒழிப்புப் பேசிய பிரிட்டிஷார் சிலர், இந்தியாவில் நல்ல பருத்தி விளைந்துவிட்டால் அந்தச் சந்தையே சரியும் என்று நம்பினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேறு கணக்கு இருந்தது. அமெரிக்கத் தோட்டக்காரர்களையே 1840இல் கூலிக்கு அமர்த்தி இந்தியாவுக்கு அனுப்பியது. கோயம்புத்தூரில் அந்தப் பரிசோதனைப் பண்ணைகளை 1842 முதல் 1853 வரை மேற்பார்த்தவர் தாவரவியலாளர் ராபர்ட் வைட். வைட்டை நாம் செடிகளின் படநூல்களுக்காக அறிவோம். இந்த வேலையை மறந்துவிட்டோம்.

என்னை உறுத்துவது என்னவென்றால், சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த நாட்டுக்காரர்கள். கற்றுக்கொள்ள வேண்டிய இந்த மண்ணிலும் பண்ணையாள் கட்டுண்டு கிடந்தான். அடிமை முறையை இனி நீதிமன்றம் ஏற்காது என்று கம்பெனி அரசு சட்டம் போட்டதே 1843இல்தான். வயலில் அது வந்து சேர எவ்வளவு காலம் பிடித்தது என்பது நம் தாத்தாக்களுக்குத் தெரியும். "இந்தியப் பருத்தி தூய பருத்தி" என்று லண்டனில் பேசியவர்கள் நம் களத்து மேட்டைப் பார்க்கவில்லை.

தென்னங்கீற்று எழுதியது:

ஒரு சந்தேகம். இவ்வளவு பேர் வந்து போனார்கள் என்றால் ஊருக்கே தெரிந்திருக்குமே? காஃபினை ஏன் பிடிக்கவில்லை?

நடைவண்டி எழுதியது:

தெரிந்துதான் இருந்தது. தொடக்கத்தில் அவருடைய கடைக்கு வருவதைப் பலர் நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்துக் குவேக்கர்களே பயந்து புத்தி சொன்னார்கள். 1843இல் இந்தப் பிளவு முற்றிப்போய், அடிமை ஒழிப்பில் உறுதியாக நின்ற குவேக்கர்கள் தனிச் சபையாகப் பிரியும் நிலை வந்தது. காஃபினும் அதில் இருந்தார். அடிமை முறையை வெறுக்கும் சபைக்குள்ளேயே, "வெறுத்தால் போதும், கையை நனைக்க வேண்டாம்" என்று சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள்.

பிறகு மெல்ல மாறியது. ஒதுங்கி நின்றவர்கள் துணி கொண்டுவந்து கொடுத்தார்கள். பெண்கள் கேத்தரினின் வீட்டில் கூடித் தைத்தார்கள்: கனடாவின் குளிரைத் தாங்கும் உடைகள், குழந்தைகளுக்குச் சட்டை.

பிடிக்காததற்குக் காரணம் காசும் செல்வாக்கும் என்றே நான் சொல்வேன். கடை, ஆளிவிதை எண்ணெய் ஆலை, ரிச்மண்ட் வங்கிக் கிளையில் இயக்குநர் பதவி. அந்த வட்டாரத்தில் அவரிடம் கடன் வாங்காதவன் குறைவு. சட்டமும் தெரியும். ஆணையில்லாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்று வேட்டைக்காரனிடம் சொல்லக்கூடிய இடத்தில் அவர் இருந்தார். பழுப்பேடு ஐயா சொன்ன குடிசைக்காரரால் அப்படிச் சொல்ல முடியுமா?

பழுப்பேடு எழுதியது:

முடியாது. அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது, எழுதக் கை கூசும் சாட்சி.

1856 ஜனவரி. ஓஹாயோ ஆறு உறைந்து கிடக்கிறது. மார்கரெட் கார்னர் என்ற இளந்தாய், கணவன், குழந்தைகள், மாமனார் மாமியாரோடு கென்டக்கியிலிருந்து பனிமேல் நடந்து சின்சினாட்டிக்கு வந்தாள். சொந்தக்காரரான கைட் என்பவரின் வீட்டில் போய் இறங்கினார்கள். கைட் கறுப்பினத்தவர், எளிய வீடு. அவர் அங்கிருந்து நேரே காஃபினின் கடைக்கு ஓடினார், என்ன செய்வது என்று கேட்க. உடனே அவர்களை வேறிடத்துக்கு மாற்றச் சொன்னார் காஃபின். கைட் திரும்பி வந்த சிறிது நேரத்தில் வீட்டைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். கதவை உடைத்துக்கொண்டு வரும்போது, மறுபடியும் அடிமையாகப் போவதைவிடச் சாவதே மேல் என்று மார்கரெட் தன் சின்ன மகளின் கழுத்தை அறுத்தாள்.

வழக்கு நடந்தது. அவளைத் திருப்பி அனுப்பினார்கள். தெற்கே விற்றார்கள். 1858இல் காய்ச்சலில் இறந்தாள்.

நிலவறைக் கிணறும் கூரைப் பொந்தும் வேலை செய்த வீடுகளைப் பார்த்துவிட்டு வரும்போது இந்த வீட்டையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதுவும் அடைக்கல வீடுதான்.

ஆற்றங்கரைக்காரி எழுதியது:

இதைப் படித்த பிறகு நேற்று முழுக்க ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நான் குடியிருப்பது சின்சினாட்டியில். அந்த ஆற்றுப் பாலத்தை வாரம் மூன்று முறை காரில் கடக்கிறேன்.

நடைவண்டி எழுதியது:

கறுப்பினத்தவரின் வீடுகள் ஒன்றும் மிஞ்சவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ரிப்ளியில் பார்க்கர் வீடு மேலே வந்துவிட்டது. இன்னும் இரண்டைச் சேர்க்கிறேன்.

பாஸ்டனில் லூயிஸ் ஹெய்டன், ஹாரியட் ஹெய்டன் தம்பதியின் வீடு. இருவருமே 1844இல் கென்டக்கியிலிருந்து தப்பியவர்கள். 1850இல், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த வில்லியம் கிராஃப்ட் இங்கே தங்கியிருந்தபோது, அவரைப் பிடிக்க ஜார்ஜியாவிலிருந்து ஆள் வந்தது. வீட்டு வாசலுக்கடியில் வெடிமருந்துப் பீப்பாய் வைத்திருக்கிறேன், உள்ளே வந்தால் கொளுத்திவிடுவேன் என்று நின்றவர் ஹெய்டன்.

ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் ஸ்டில், லெட்டிஷியா ஸ்டில் தம்பதியின் வரிசை வீடு. வந்தவர்கள் ஒவ்வொருவரின் பெயர், ஊர், யாரை விட்டு வந்தார்கள் என்பதையெல்லாம் ஸ்டில் எழுதி வைத்தார், பிரிந்த குடும்பங்கள் ஒரு நாள் தேடிக்கொள்ளட்டும் என்று. அப்படி விசாரித்துக்கொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்திருந்தவர் தம் சொந்த அண்ணன் பீட்டர் என்று தெரியவந்தது. தாய் தப்பி வந்தபோது விட்டுவிட்டு வர வேண்டியிருந்த பிள்ளை அவர். ஸ்டில் குடும்பம் 1850களில் குடியிருந்த வீடு எது என்பதே நெடுங்காலம் தெரியவில்லை. லெட்டிஷியா தையல் வேலைக்காகக் கொடுத்திருந்த பழைய பத்திரிகை விளம்பரத்தில் முகவரி இருந்தது. அதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். 2018இல் தான் நகரின் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் அது சேர்ந்தது. அது இருக்கும் தெருவின் இன்றைய பெயர் டெல்ஹி தெரு.

தென்னங்கீற்று எழுதியது:

தையல்காரம்மாவின் விளம்பரம் காட்டிக்கொடுத்ததா! அக்கா, மீண்டும் உங்கள் கேத்தரினிடமே வந்து நிற்கிறோம்.

ஆற்றங்கரைக்காரி எழுதியது:

ஆம் தம்பி. நானும் அதைத்தான் நினைத்தேன்.

இன்னும் ஒன்று. லீவை காஃபின் 1877இல் சின்சினாட்டியில் இறந்தார். குவேக்கர் வழக்கப்படி கல் வைக்காமல் புதைத்தார்கள். சுமந்தவர்கள் எட்டுப் பேரில் நால்வர் அவரோடு இந்த வேலையில் இருந்த கறுப்பினத்தவர். 1902இல் கறுப்பின மக்கள் அங்கே ஆறடி உயரக் கல் நிறுத்தினார்கள். ஸ்பிரிங் குரோவ் கல்லறைத் தோட்டம் என் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன்.

நேற்று அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பொந்தைப் பற்றிச் சொன்னேன், கிணற்றைப் பற்றிச் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, நடுச்சாமத்தில் அடுப்புப் பற்றவைத்தால் வெளிச்சம் ஜன்னல் வழியாகத் தெருவுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். அருங்காட்சியகத்தில் அத்தனை பேர் இருந்தோம், ஒருவருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை. காஃபினின் நினைவுக்குறிப்பை எடுத்துத் தேடினேன். இருக்கிறது. ஆட்களை இருட்டிலேயே உள்ளே விட்டு, கதவைத் தாழிட்டு, ஜன்னல்களை மூடி மறைத்த பிறகுதான் விளக்கேற்றி நெருப்பு மூட்டுவார்களாம். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அதுதானே பார்த்தேன்" என்றாள்.